ஜாதிக்காய்க் கன்று: 'பெண்' என்று சொல்லி விற்றால் நம்பலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராக 7 வருடத்துக்கு முன்பு 30 ஜாதிக்காய்க் கன்று வாங்கி வைத்தேன். "எல்லாமே பெண், இலையைப் பார்த்துப் பிரித்தது" என்று நர்சரிக்காரர் சொன்னதால் இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். இப்போது பூத்த பிறகு பார்த்தால் 14 மரம் ஆண். வெட்டிவிடலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அரிவாளைக் கீழே வையுங்கள். அந்த 14 மரத்தையும் காப்பாற்ற வழி இருக்கிறது.

30-க்கு 14 என்ற கணக்கே போதும், உங்களுக்குக் கொடுத்தது விதையில் முளைத்த கன்று என்று சொல்லிவிடலாம். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும். எது எது என்று தெரிய முதல் பூ வரை, அதாவது 6 முதல் 8 வருடம் காத்திருக்க வேண்டும். இலை அகலமாக இருந்தால் பெண், கிளை இப்படிப் போனால் ஆண் என்று பல அடையாளம் சொல்வார்கள். எதையும் நம்பிப் பணம் கொடுக்க முடியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி ஒரு விவசாயியின் ஏழு வருடத்தை வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கன்றின் விலையாவது திரும்பக் கிடைக்கலாம், போன வருடங்கள் கிடைக்காது.

பெண் மரம்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று ஒன்றே வழி. நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து குச்சி எடுத்து நாற்றில் ஒட்டியது பெண்ணாகவே வளரும். வாங்கும்போது ஒட்டுக் கட்டிய தழும்பு தண்டில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒட்டுக்கு மேலே வளர்ந்த தளிர்தான் உங்கள் மரம். கீழேயிருந்து துளிர்ப்பது வேர்ச்செடியுடையது, அதாவது அடியில் இருக்கும் நாற்றுடையது, அதைக் கிள்ளிவிட வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: குச்சி எடுத்தது நிமிர்ந்து வளரும் தண்டிலா, பக்கக் கிளையிலா? பக்கக் கிளையில் எடுத்தது புதர் மாதிரி படரும். பறிக்க எளிதுதான், ஆனால் தென்னைக்கு நடுவே நிமிர்ந்த மரம்தான் தோது.

சரி, அந்த 14 மரம். பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்பது பொதுக் கணக்கு. உங்கள் தோப்புக்கு மூன்று ஆண் போதும், தோப்பில் பரவலாக நிற்கிற மூன்றை விட்டுவிடுங்கள். மற்ற 11-ஐயும் பெண்ணாக மாற்றலாம். மேல்பகுதியை வெட்டி, துளிர்த்து வரும் புதுக் கிளைகளில் பெண் மரத்துத் துளிர் மொட்டை (பூ மொட்டு அல்ல) வைத்து ஒட்டுக் கட்டுவார்கள். ஒரேயடியாக மொட்டையடிக்காமல் சில கிளைகளை விட்டு வைத்தால் மரம் தாங்கும். வேர் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது, புதுக் கன்று வைப்பதைவிடச் சீக்கிரம் காய்க்கும். கை பழகிய ஆளை மட்டும் பிடியுங்கள்.

பணம் விஷயத்துக்கு வருவோம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. அதைக் காட்டிக் கன்றுக்கும் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பூ பார்த்த பிறகுதானே குறை தெரிந்தது என்று நீங்கள் வாதிடலாம், ஆனால் எதிர்த்தரப்பு வாங்கிய தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் தாமதிக்க வேண்டாம். ஆண் பூக்களைத் தேதியோடு படம் எடுத்து, தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ரசீதில் 'பெண்' என்ற சொல் இருந்தால் கை வலுக்கும். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் கஷ்டம்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு ஜாதிக்காய் மரம். நிறையப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. உரம் எது வாங்கலாம்?

பதில்: உரத்துக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு பூவைப் பிளந்து பாருங்கள். உள்ளே அடியில் குண்டாகச் சூல்பை இருந்தால் பெண். மெல்லிய தூண் மாதிரி மகரந்தத் தண்டு மட்டும் நின்றால் ஆண். ஆண் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும், பெண் பூ ஒன்றிரண்டாகத்தான் வரும். 'நிறைய' என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஆணாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

பெண் என்றால் பக்கத்தில் ஆண் மரம் இல்லாததுதான் குறையாக இருக்கலாம். இன்னொரு மரம் வைக்க இடமில்லையென்றால் ஒரு கிளையில் மட்டும் ஆண் மொட்டைக் கட்டச் சொல்லுங்கள். மகரந்தத்தைச் சுமப்பவை சிறு வண்டுகள், அதனால் பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். காய் பிடித்துவிட்டால் பழுத்து வெடிக்கச் சுமார் 9 மாதம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டுப் பறித்தால் கொட்டையும் முற்றியிருக்காது, அதைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியும் சிவந்திருக்காது.