கைதான ஆலமரம்

கேள்வி: கைபர் கணவாய் அருகே, குடிபோதையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓர் ஆலமரத்தையே சங்கிலியிட்டுக் கைது செய்தாராமே! இதைவிடப் பெரிய நகைச்சுவை உண்டா? அந்தச் சங்கிலியை இன்னும் கழற்றாமல் வைத்திருப்பது ஏன்?

பதில்: பாகிஸ்தானின் லண்டி கோட்டல் படைமுகாமில் அந்த மரம் இன்றும் இருக்கிறது. 1898இல் ஜேம்ஸ் ஸ்குவிட் என்ற அதிகாரி, போதையில் மரம் தன்னை விட்டு நகர்ந்து போவதாக எண்ணி, அதைக் கைது செய்யும்படி உணவுக்கூட சார்ஜென்ட்டுக்கு ஆணையிட்டார் என்பது அங்கு வழங்கும் கதை. “நான் கைது செய்யப்பட்டிருக்கிறேன்” என்று மரமே சொல்வதாக ஒரு பலகையும் அதில் தொங்குகிறது.

நீங்கள் குடிகாரரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நான் ஆண்டைப் பார்க்கச் சொல்கிறேன். 1897 ஆகஸ்டில் அஃப்ரிதி பழங்குடியினர் கிளர்ந்தெழுந்து லண்டி கோட்டல் கோட்டையைக் கைப்பற்றினார்கள்; அதற்குப் பதிலடியாகப் பிரிட்டிஷ் அரசு தீரா பள்ளத்தாக்குக்குள் பெரும்படையை அனுப்பி, ஊர் ஊராக வீடுகளைக் கொளுத்தியது. யார் சண்டையிட்டார், யார் சும்மா இருந்தார் என்று அந்தத் தீ விசாரிக்கவில்லை. இக்கதையின் மரம் விலங்கு பூண்டது அதற்கு அடுத்த ஆண்டில்.

அந்த நடைமுறைக்குச் சட்டத்தின் உருவமும் இருந்தது. 1872 முதல் பலமுறை திருத்தப்பட்டு 1901இல் நிலைபெற்ற எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருடைய குலத்தார் அனைவரையும் பிடிக்கலாம், அபராதம் விதிக்கலாம், சொத்தைப் பறிக்கலாம், வீட்டை இடிக்கலாம். அப்பகுதியை நிர்வகித்த அரசு அதிகாரியான ‘அரசியல் முகவர்’, தாமே உறுப்பினர்களை நியமித்த ஜிர்கா எனும் பெரியோர் சபையைக் கேட்டுத் தீர்ப்பளிப்பார். வழக்கறிஞர் கிடையாது, வழக்கமான நீதிமன்றங்களில் மேல்முறையீடும் கிடையாது. ஒரு குற்றமும் செய்யாமல், வாதாட வாயும் இல்லாமல் கட்டுண்டு நிற்கும் ஆலமரத்தில் அப்பகுதி மக்கள் தங்கள் கதையைக் கண்டதில் வியப்பென்ன?

ஆங்கிலேயர் 1947இல் போய்விட்டார்கள், சட்டம் போகவில்லை. அப்பழங்குடிப் பகுதிகளில் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்ததே 1997 தேர்தலில்தான். 2011இல் சில திருத்தங்கள் வந்தன. 2018இல், அப்பகுதிகள் கைபர் பக்துன்க்வா மாகாணத்தோடு இணைக்கப்பட்டபோதுதான் அச்சட்டம் முடிவுக்கு வந்தது.

ஆகவே சங்கிலி இருக்கட்டும். ஆனால், வருவோர் படமெடுத்துச் சிரித்துவிட்டுப் போகாதபடி, குடித்த அதிகாரியின் கதைக்குப் பக்கத்திலேயே அந்தச் சட்டத்தின் பிரிவுகளையும் பஷ்தோவிலும் உருதுவிலும் எழுதி வைக்க வேண்டும்.