களை பிடுங்கிய பின் அரிப்பும் கொப்புளமும்: எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது?

கேள்வி: புதர் மண்டிய இடத்தை வெட்டிச் சுத்தம் செய்தேன். மறுநாள் இரவு முன்கையில் கோடுகோடாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது, பிறகு நீர்க்கொப்புளம் வந்தது. நான்காம் நாளான இன்று வயிற்றிலும் தொடையிலும் புதிதாகக் கிளம்புகிறது. கொப்புள நீர் பட்டுத்தான் பரவுகிறதா? வீட்டில் சிறு குழந்தை இருக்கிறாள், அவளுக்கும் ஒட்டுமா? எந்தச் செடி என்று தெரியவில்லை.

பதில்: கொப்புள நீர் யாருக்கும் ஒட்டாது. உங்கள் உடலிலேயே இன்னோர் இடத்துக்கும் பரப்பாது. அது வீங்கிய தோலில் கசிந்த நீர், செடியின் சாறு அல்ல. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். ஆனால் அன்று நீங்கள் போட்டிருந்த சட்டை, கையுறை, செருப்பு, அரிவாள் பிடி இவற்றில் செடியின் பிசின் காய்ந்து ஒட்டியிருக்கும். அது பட்டால் குழந்தைக்கும் வரும், உங்களுக்கும் மறுபடி வரும். அந்தப் பிசின் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கக்கூடியது.

அப்படியானால் வயிற்றில் ஏன் இப்போது வருகிறது? பிசின் அதிகமாகப் பட்ட இடமும் மெல்லிய தோலும் முதலில் பொங்கும்; குறைவாகப் பட்ட இடம் சில நாள் பொறுத்துப் பொங்கும். பரவுவது போலத் தோன்றுவது இதனால்தான். ஒரு வாரத்துக்கு மேலும் புதிய இடங்களில் வந்துகொண்டே இருந்தால் மட்டும், துவைக்காத ஏதோ ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகியுங்கள்.

செடி தெரியாவிட்டாலும், எத்தனை நேரத்தில் தொடங்கியது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும்.

தொட்ட சில நிமிடங்களிலேயே சுருக்கென்று எரிந்து தடித்தால் செந்தட்டி, பூனைக்காலி போன்ற சுணையுள்ள செடிகள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இதில் தேய்ப்பதுதான் பெரிய தவறு: சுணை உடைந்து ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி இழுத்து எடுங்கள். இரண்டு மூன்று முறை புது டேப்பால் செய்துவிட்டு, அப்புறம் சோப்பு நீரில் அலசுங்கள். பூனைக்காலியின் அரிப்புக்குக் காரணம் சுணையிலுள்ள, புரதத்தை உடைக்கும் ஒரு நொதி. அதனால் அலர்ஜி மாத்திரை அதற்கு அவ்வளவாகக் கைகொடுக்காது.

கள்ளி, எருக்கு ஆகியவற்றின் பால் பட்டால் சில மணி நேரத்தில் எரிச்சல், சிவப்பு, சில சமயம் கொப்புளம். தோலைவிடக் கண்ணுக்குத்தான் ஆபத்து. கண்ணில் தெறித்தால் ஓடும் சுத்தமான நீரில் 15 முதல் 20 நிமிடம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். எருக்கம் பால் வலியே இல்லாமல் கருவிழியை வீங்க வைத்துப் பார்வையை மங்கச் செய்யும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

உங்களுக்கு வந்தது போல 12 முதல் 48 மணி நேரம் கழித்து, இலையோ தண்டோ உரசிய தடத்தில் கோடாக வந்தால், அது ஒவ்வாமை. சேராங்கொட்டை, முந்திரிக் கொட்டையின் ஓடு, மாம்பிஞ்சைப் பறிக்கும்போது வடியும் பால் ஆகியவை இந்த வகை. மூன்றும் ஒரே குடும்பம். இவற்றின் எண்ணெய்ப் பிசின்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. வட அமெரிக்காவில் பெயர்பெற்ற விஷப் படர்கொடியும் இதே குடும்பம்தான். பார்த்தீனியம் வேறு குடும்பம் என்றாலும் இதே போல ஒவ்வாமை தரும். அதன் துகள் காற்றில் வருவதால் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று செடியைத் தொடாத இடங்களிலும் அரிக்கும்.

இனி மருந்து. நான்காம் நாளில் பிசின் தோலில் இருக்காது. இப்போது கழுவிக் கழுவித் தேய்ப்பதால் தோல் இன்னும் உரியுமே தவிரப் பயன் இல்லை. சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, 15 முதல் 20 நிமிடம் மேலே போட்டு வையுங்கள். நாளைக்கு மூன்று, நான்கு முறை செய்யலாம். துணி சூடேறினால் மறுபடி நனையுங்கள். நீர் கசிவது குறையும், அரிப்பும் அடங்கும். ஈரம் உலர்ந்ததும் கேலமைன் லோஷன் பூசலாம்.

கொப்புளம் இல்லாமல் சிவந்து தடித்த இடங்களில் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை காலையும் இரவும் மெல்லிசாகத் தடவலாம். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். அளவு தெரிய, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அரை கிராம் வரும், பெரியவர்களின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். கொப்புளம் வெடித்துக் கசியும் நிலையில் இந்த மென்மையான களிம்பு பெரிதாக உதவாது. அப்போது மருத்துவர் வீரியமான ஸ்டீராய்டு எழுதித் தருவார். வீட்டில் யாருக்கோ எழுதித் தந்த வீரியக் களிம்பை முகத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நீங்களாகத் தடவாதீர்கள், தோல் மெலிந்துபோகும்.

தூக்கம் வராத அளவு அரித்தால், மயக்கம் தரும் வகை அலர்ஜி மாத்திரை இரவில் உதவலாம். அது அரிப்பின் காரணத்தைத் தொடாது, தூங்க வைக்கும், அவ்வளவே. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

தவிர்க்க வேண்டியவற்றில் வெந்நீர் முதலில். ஊற்றும்போது சுகமாக இருக்கும், பிறகு அரிப்பு கூடும். மரத்துப்போக வைக்கும் களிம்புகளும், அலர்ஜி மருந்து கலந்த மேற்பூச்சுகளும், நியோமைசின் சேர்ந்த களிம்புகளும் தாமே புதிய ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. அரைத்த பூண்டு தோலைச் சுட்டுவிடும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் அந்த இடம் வெந்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். மருந்து என்று நினைத்து இரண்டாவது புண்ணை வாங்கிக்கொள்வது இப்படித்தான். கொப்புளத்தையும் குத்த வேண்டாம். மேல்தோல்தான் கிருமி நுழையாமல் காக்கிறது.

முகம் வீங்கினாலோ, கண் திறக்க முடியாவிட்டாலோ, பிறப்புறுப்பில் வந்தாலோ, உடலின் கால் பங்குக்கு மேல் பரவினாலோ, சீழும் காய்ச்சலும் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். கடுமையான நிலையில் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். வழக்கமாக இரண்டு, மூன்று வாரம் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். ஐந்தாறு நாளில் சரியாகிவிட்டதென்று நிறுத்துபவர்களுக்குத்தான் எல்லாம் திரும்பப் பொங்குகிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சை இல்லாமலும் சாதாரண தடிப்பு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. அன்றைய துணிகளைக் கையுறை போட்டு எடுத்து, மற்றவற்றோடு சேர்க்காமல் சூடான நீரில் சலவைத் தூள் போட்டுத் துவையுங்கள். அரிவாள், மண்வெட்டிப் பிடி, செருப்பு, கடிகாரப் பட்டை, கைப்பேசி உறை எல்லாவற்றையும் சோப்பு நீராலோ ஸ்பிரிட்டாலோ துடையுங்கள். நாய், பூனை அந்தப் புதரில் புகுந்திருந்தால் அவற்றையும் குளிப்பாட்டுங்கள். வெட்டிப் போட்ட செடியைக் கொளுத்தவே கூடாது. புகையோடு பிசின் நுரையீரலுக்குப் போய்விடும்.

அடுத்த முறை பிசின் உள்ள செடி உரசினால் முதல் பத்து நிமிடம் மிக முக்கியம். அரை மணி கடந்தால் பிசினின் பெரும்பகுதி தோலோடு பிணைந்துவிடும். எண்ணெய்ச் சட்டி கழுவுவது போல, பாத்திரம் துலக்கும் திரவமும் துணியும் கொண்டு தேய்த்து, நிறையத் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். நக இடுக்கை விடாதீர்கள். மெல்லிய ரப்பர் கையுறையில் பிசின் ஊடுருவிவிடும்; கனமான வினைல் கையுறை நல்லது. ஒருமுறை ஒவ்வாமை வந்த உடல் அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகவே பொங்கும் என்பதால், அந்தச் செடியைத் தொடாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். தடிப்பு திரும்பத் திரும்ப வந்தால், முழுதாக ஆறிய பிறகு தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தப் படம் உதவும்.