பயிற்சி முடிந்தது, அப்புறம்?

எல்லை தாண்டிச் சுற்றுச்சூழல் பணி செய்ய இளைஞர்களைத் தயார்படுத்துவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி சான்றிதழைப் பற்றித்தான். அவற்றையெல்லாம் முதல் கேள்வியிலேயே அடக்கிவிட்டேன்.

பல நாட்டு இளைஞர்களோடு ஐந்து நாள் இணையப் பயிற்சியில் கலந்துகொண்டேன். பேச்சாளர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். கடைசி நாள் சான்றிதழ் வந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் பூங்கொத்துப் படம் போட்டார்கள். அதோடு சரி. இதனால் என்ன பயன்? – கல்லூரி மாணவி

பூங்கொத்தோடு நின்றுபோன குழுக்கள் என் கைபேசியிலும் நிறைய இருக்கின்றன. இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: சேருவதற்கு முன் பேச்சாளர் பட்டியலைப் பார்க்காதீர்கள். ஆறாவது நாள் என்ன நடக்கும் என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். எனக்கு என்ன வேலை தருவீர்கள், அடுத்த நாட்டில் என் ஜோடி யார், நாங்கள் சேகரித்ததை எந்த அதிகாரி அல்லது ஆணையம் வாங்கிப் படிக்கும்? இதற்குத் தெளிவான பதில் வந்தால் சேரலாம். "உலகளாவிய வலைப்பின்னலில் ஓர் அங்கமாவீர்கள்" என்று பதில் வந்தால் அந்த ஐந்து நாளைத் தூங்கிக் கழித்தாலும் நஷ்டமில்லை.

இப்போது கையில் சான்றிதழ் இருக்கிறது, அதை என்ன செய்வது? அந்தக் குழு இன்னும் இருக்கிறதல்லவா? அதில் உங்களோடு உருப்படியாகப் பேசிய ஒரே ஒருவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். இருவருக்கும் பொதுவான ஒன்றை, ஓர் ஆறோ கடற்கரையோ வலசைப் பறவையோ, பிடித்துக்கொள்ளுங்கள். எண்பது பேர் குழுவில் நடக்காதது இரண்டு பேரிடம் நடக்கும்.

எங்கள் பள்ளி மாணவர்களும் அடுத்த நாட்டுப் பள்ளி மாணவர்களும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. முதலில் ஒரு காணொளிச் சந்திப்பு வைக்கலாமா? – ஆசிரியர்

சந்திப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் இரு பக்கமும் ஒரே பொருளை ஒரே விதமாக அளந்து பழகட்டும். பேச விஷயம் தானாக வரும்.

செக்கி தட்டு என்று ஒன்று உண்டு. 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு, நான்கு கூறாகப் பிரித்து மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் அடித்திருக்கும். கயிற்றில் கட்டி நீரில் இறக்க வேண்டும். கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மெல்ல மேலே இழுத்து, மறுபடி தெரிகிற ஆழத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் நீரின் தெளிவு. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் சோதித்துப் பார்த்த முறை. அவர் உண்மையில் வானியலாளர். தலைக்கு மேலே பார்க்கிற மனிதர் காலுக்குக் கீழே பார்க்கவும் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

நான் நடத்திய ஒரு முகாமில், இரு நாடுகள் பங்குபோடும் ஏரியின் இரண்டு கரையிலும் ஒரே நாளில் இரண்டு அணிகள் தட்டை இறக்கின. இரண்டு அணியின் எண்களும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உங்கள் பக்கம்தான் அழுக்கு என்று இரு அணியும் ஆரம்பித்துவிட்டன. அளக்கும்போது எடுத்த காணொளிகளை மாற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஓர் அணி படகின் நிழல் விழுந்த பக்கத்தில், வெறுங்கண்ணால் பார்த்திருந்தது. இன்னோர் அணி வெயில் பளபளக்கும் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்திருந்தது. நிழல் பக்கம், வெறுங்கண், நண்பகலை ஒட்டிய நேரம் என்று பேசி வைத்துக்கொண்டு மறுபடி அளந்ததும் எண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அதற்குப் பிறகும் மிச்சமிருந்த சின்ன வித்தியாசத்துக்குக் காரணம் தேடி இரு அணியும் சேர்ந்தே கிளம்பின. அந்த மதியம் அவர்கள் கற்றுக்கொண்டதை என் எந்த உரையும் சொல்லிக் கொடுத்திருக்காது.

தட்டு ஏரி, குளம், கடல் போன்றவற்றுக்குத்தான் சரிப்படும். ஓடும் ஆற்றில் நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே, அடியில் கறுப்பு வெள்ளைக் குறியிட்ட நீளமான குழாயில் தண்ணீரை ஊற்றி மேலிருந்து பார்ப்பார்கள். இந்த முறைகளையெல்லாம் மாணவர்களுக்கென்றே எழுதி வைத்திருக்கிறது 1995-இல் செயல்படத் தொடங்கிய 'குளோப்' திட்டம். 120-க்கு மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் இதில் இருக்கின்றன. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொரு முன்மாதிரியையும் பாருங்கள். ஜோர்தானியர், பாலஸ்தீனர், இஸ்ரேலியர் சேர்ந்து 1994-இல் தொடங்கிய 'எக்கோபீஸ்' அமைப்பு, 2001 முதல் 'நல்ல நீர் அண்டையர்' என்ற திட்டத்தை நடத்தியது. நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களை எல்லைக்கு இருபுறமும் ஜோடி சேர்த்தார்கள். பகை மூண்ட அந்த மண்ணிலேயே, உன் கழிவுநீர் என் கிணற்றுக்கு வருகிறது என்று இளைஞர்களால் உட்கார்ந்து பேச முடிந்தது. உங்கள் இரண்டு பள்ளிகளுக்கு இடையில் அவ்வளவு சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். அளக்கத் தொடங்கும் அன்றே, அசாதாரணமாக ஏதாவது தெரிந்தால் யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ஓர் இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்துகளை அள்ளிக்கொண்டு ரைன் நதியில் இறங்கியது. ஆறு சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ரைனைக் காக்க ஒரு சர்வதேச ஆணையம் 1950 முதலே இருந்தும், ஆறு பாய்ந்து போகும் கீழ்ப்பகுதி நாடுகளுக்கு எச்சரிக்கை தாமதமாகத்தான் போனது. அடுத்த ஆண்டே நாடுகள் கூடி ரைன் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தன. சால்மன் மீன் ஆற்றுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. திரும்பியும் வந்தது.

இதற்கெல்லாம் நல்ல ஆங்கிலம் வேண்டுமா? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்

அளவெடுக்க ஆங்கிலம் தேவையில்லை, அட்டவணை நிரப்பத் தேவையில்லை, படம் எடுக்கத் தேவையில்லை. பன்னாட்டுக் கூட்டத்தில் பேரம் பேசத்தான் தேவை. அதற்கும் அணியில் ஓரிருவர் போதும். அவர்களே எப்போதும் மேடையில் ஏறி, சேற்றில் இறங்கியவர்கள் பின்வரிசையில் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். என் பயிற்சிகளில் முதல் நாள் எல்லோரும் அவரவர் மொழியில்தான் பேசுவார்கள். மொழிபெயர்ப்புக்கு நேரம் போகும். போகட்டும்.

அரசாங்கங்களே கேட்காதபோது பிள்ளைகள் போய் என்ன செய்துவிட முடியும்? இதெல்லாம் புகைப்படத்துக்கு நல்லது, அவ்வளவுதான். – ஓய்வுபெற்ற பொறியாளர்

புகைப்படத்துக்காக நடப்பவை நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019-இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் நடந்ததைக் கேளுங்கள், ஐயா. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் அந்நாட்டு வளாகத்தில் படித்த 27 சட்ட மாணவர்கள், காலநிலை மாற்றத்தை உலகின் உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோக முடியுமா என்று யோசித்தார்கள். அவர்களிடம் பணம் கிடையாது. பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தார்கள். சர்வதேச நீதிமன்றத்தில் தனி மனிதர் வழக்குப் போட முடியாது, நாடுகள்தான் போடலாம். ஆனால் ஐ.நா. பொதுச்சபை நினைத்தால் அந்த நீதிமன்றத்திடம் சட்டக் கருத்துக் கேட்கலாம். அந்தச் சந்துக்குள் நுழைந்தார்கள்.

பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. மற்றக் கண்டங்களின் இளைஞர்கள் தங்கள் தங்கள் அரசுகளை நச்சரித்தார்கள். 2023 மார்ச் 29 அன்று தீர்மானம் வந்தபோது 130-க்கு மேற்பட்ட நாடுகள் அதை முன்மொழிவதில் சேர்ந்திருந்தன. வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரைக்கும் பொறுப்பு வரலாம் என்று. ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி எந்த நாட்டு வழக்கறிஞரும் அதைப் புரட்டாமல் நீதிமன்றம் ஏற மாட்டார்.

தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே 2019-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 16 பிள்ளைகள், ஐந்து நாடுகள்மீது ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி 2021-இல் குழு அதை ஏற்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டுக் குழந்தையைப் பாதித்தால் அந்த நாடும் பொறுப்பாகலாம் என்று அதே முடிவில் எழுதி வைத்தது. எந்தக் கதவை எந்த வரிசையில் தட்டுவது என்பதும் பயிற்சிதான். செடி நடுவதைப் பற்றி மட்டும் சொல்லித்தரும் பயிற்சிகளில் எனக்கு உள்ள குறை இதுதான்.

என் மகளுக்கு 16 வயது. ஏதோ பன்னாட்டு இளைஞர் மன்றம் என்று எப்போதும் கூட்டத்திலேயே இருக்கிறாள். அவளைப் பயன்படுத்திக்கொள்கிறார்களோ என்று பயம். – ஒரு தந்தை

நியாயமான பயம். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளில் பங்கேற்பே கிடையாது: ஆட்டுவித்தல், அலங்காரமாக நிறுத்துதல், பெயருக்கு ஓர் இடம் தருதல். உங்கள் மகள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவளிடமே பேசுங்கள். அவள் படிக்கும் உரையை எழுதியது யார்? கூட்டத்தில் அவள் சொன்னதால் ஏதாவது மாறியதா? படம் போடுவதற்கு முன் உங்களிடமும் அவளிடமும் கேட்டார்களா? பணம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியுமா?

பதில்கள் மோசமாக இருந்தாலும் கணினியைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். அந்த ஏணியின் உச்சிப் படியில் பிள்ளைகள் தனியாக நிற்கவில்லை. அவர்கள் தொடங்குகிறார்கள், பெரியவர்களோடு கலந்து முடிவெடுக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். நேர வித்தியாசத்தால் நள்ளிரவில் கூட்டம் வைக்கிறார்கள் என்றால், அதை மாற்றச் சொல்லி மன்றத்துக்கு எழுத வேண்டியது நீங்கள்தான்.

பெரிய காலநிலை மாநாட்டுக்குத் தேர்வானேன். அனுமதி அட்டை வந்தது, விசா வரவில்லை. மனசே விட்டுப்போச்சு. – இளைஞர் குழு உறுப்பினர்

விட்டுப்போகத்தான் செய்யும். எல்லை தாண்டிய பணி என்று பேசிக்கொண்டே எல்லையில் நிறுத்துகிறார்கள். வசதியான நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆகவே அவர்கள் குரலே அதிகம் கேட்கிறது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறைக்குச் சில குறிப்புகள். தேர்வுக் கடிதம் வந்த அன்றே அழைப்புக் கடிதமும், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கடிதமும் கேளுங்கள். அணியில் இரண்டு பேரைத் தயாராக வையுங்கள். உங்கள் வாதத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். 2005-இல் மான்ட்ரியலில் தொடங்கி, ஐ.நா. காலநிலை மாநாட்டையொட்டி இளைஞர் மாநாடு நடந்து வருகிறது. நாட்டளவிலும் இளைஞர் மாநாடுகள் நடக்கின்றன. அந்த உலக மாநாட்டில் வெளியாகும் உலக இளைஞர் அறிக்கைக்கு வீட்டிலிருந்தே கருத்து அனுப்பலாம். நேரில் போவதற்கு இது ஈடாகாதுதான்.

செய்தி படித்தால் பதற்றம் வருகிறது. படிக்காமல் இருந்தால் குற்ற உணர்ச்சி. – பெயர் வேண்டாம்

நீங்கள் தனியாள் இல்லை. 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 45 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதித்தது. செய்திக்கு நாளில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், படுக்கும் நேரம் வேண்டாம். தூக்கமோ சாப்பாடோ கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். சேவை செய்கிறவர் களைக்கக் கூடாது என்று எந்தக் குழுவாவது சொன்னால், அந்தக் குழுவை விட்டு வெளியே வாருங்கள்.

எனக்கு 36 வயது. இளைஞர் அணியில் நீடிக்கலாமா? – ஒருங்கிணைப்பாளர்

ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வரை. சில அமைப்புகள் 35 வரை நீட்டிக்கின்றன. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள், வாழ்த்துகள்! மேடையையும் முடிவெடுக்கும் இடத்தையும் 20 வயதுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்களால் எளிதில் செய்ய முடியாததை வைத்துக்கொள்ளுங்கள்: வங்கிக் கணக்குத் திறப்பது, தணிக்கை, அலுவலகங்களில் காத்துக் கிடப்பது, விசாவுக்கு உத்தரவாதக் கடிதம் எழுதுவது. கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.