வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு: எவ்வளவு, எப்படி, யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 46. வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்று வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் 60 மில்லி இஞ்சிச் சாறு குடிக்கிறேன். தொப்பை குறையும், உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறும் என்றார்கள். தொப்பை அப்படியேதான் இருக்கிறது, நெஞ்செரிச்சல்தான் புதிதாக வந்திருக்கிறது. என் கணவருக்கு 52 வயது. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், சுகரும் உண்டு. அவரும் குடிக்கலாமா? சாற்றின் அடியில் தங்கும் வெள்ளை வண்டல் நஞ்சு என்று மாமியார் கொட்டச் சொல்கிறார். இஞ்சி டீ போட்டால் பால் திரிந்துவிடுகிறது. ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் வேலையாக அந்த 60 மில்லியை நிறுத்துங்கள். அவ்வளவு சாறு எடுக்க நூறு கிராமாவது இஞ்சி அரைத்திருப்பீர்கள். நாலு பேர் உள்ள வீட்டில் சட்னி, குழம்பு, டீ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வாரம் வரக்கூடிய இஞ்சி அது. அதைக் காலி வயிற்றில் ஒரே மடக்கில் குடித்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகும் எரிச்சல் இருந்தால் இஞ்சியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இஞ்சியில் அளவுதான் எல்லாம். குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறதா என்று பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது நாளொன்றுக்கு 1 கிராம் சுக்குப் பொடி, அல்லது அதற்குச் சற்று மேலே. பச்சை இஞ்சியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான் என்பதால், 1 கிராம் சுக்குக்கு ஏறக்குறைய 5 கிராம் இஞ்சி ஈடு. கண்ணளவில் சொன்னால் உங்கள் கட்டைவிரலின் நுனிக் கணு அளவுக்கு ஒரு துண்டு. பொடியாக என்றால் அரை டீஸ்பூன். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்கு இதில் ஒன்றோ இரண்டோ பங்கு போதும். சமையலில் சேர்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இவ்வளவு சின்னத் துண்டு என்ன செய்துவிடும் என்று தோன்றும். குமட்டலுக்கு நன்றாகவே உதவும். மசக்கைக் காலத்துக் குமட்டலுக்கும் மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு (கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்). சாப்பிட்டது வயிற்றிலேயே கல்லாக உட்கார்ந்திருப்பது போன்ற மந்தத்துக்கும் நல்லது, ஏனென்றால் இரைப்பை காலியாவதை இஞ்சி கொஞ்சம் விரைவாக்குகிறது. மாதவிடாய் வலியில் சிலருக்கு ஆறுதல் தரும். ஆனால் தொப்பையை எந்தச் சாறும் கரைக்காது. நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இஞ்சி உதவியாளர் தேவையில்லை.

அடுத்து, இஞ்சியும் சுக்கும் ஒன்றல்ல. ‘காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்’ என்று சித்த மருத்துவத்தில் வேளை பிரித்துச் சொன்னது சும்மா இல்லை. பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். உலர்த்தும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரமானது. அதனால்தான் சுக்கு தொண்டையில் இறங்கி வெகு நேரம் கழித்தும் கணகணவென்று இருக்கும். பச்சை இஞ்சி சுரீரென்று ஏறி இறங்கிவிடும். சளி பிடித்த ராத்திரிக்குச் சுக்கும், சோற்றுக்கு முன்னால் பசி எடுக்க இஞ்சியும் என்று வீடுகளில் வைத்துக்கொண்டது நாக்கு சொன்ன பாடம்தான்.

காலையில் ஏதாவது குடித்தே ஆகவேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மேலே சொன்ன ஐந்து கிராம் துண்டின் தோலை ஸ்பூன் விளிம்பால் சுரண்டுங்கள். கத்தியால் சீவினால் தோலோடு சதையும் போய்விடும். நசுக்கி ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராக வற்றும்வரை சிறு தீயில் வையுங்கள். வடிகட்டி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியதும் பத்துச் சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். தேன் வேண்டுமானால் அதுவும் அப்போதுதான். கொதிக்கும் நீரில் தேனை ஊற்றினால் அதன் மணம் போய்விடும், அப்புறம் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. உங்களுக்கு எரிச்சல் அடங்கும்வரை இதைக் காலி வயிற்றில் வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வது பழைய வழக்கம். இஞ்சியை அரைத்துப் பிழிந்து பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் வெள்ளையாக ஒன்று அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்துத் தேனோடு சாப்பிடுவார்கள். அந்த வண்டல் பெரும்பாலும் இஞ்சியின் மாவுச்சத்து. விஷம் எதுவும் இல்லை, குழம்பில் போடும் இஞ்சியோடு நாம் தினமும் சாப்பிடுவதுதான். ஆனாலும் இறுத்தால் சாறு தெளிவாக, தொண்டையில் மாவாக ஒட்டாமல் இருக்கும். மாமியாரோடு இதற்காக வாதாட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பதற்கு மட்டும் நான் காது கொடுப்பேன். கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் சுக்கு பல நேரம் சுண்ணாம்பு நீரில் முக்கி உலர்த்தியது. மேல் தோலைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே துளையோ மாவுப் பொடியோ தெரிந்தால் வண்டு விழுந்திருக்கிறது. பளபளப்பைவிட, சற்று மங்கலாக, நாரோடு, உடைத்ததும் மூக்கில் ஏறும் சுக்குதான் நல்லது. இலங்கைத் தமிழர்கள் இதை வேர்க்கொம்பு என்பார்கள். மல்லியோடு அவித்துக் குடிப்பதில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

அந்த மல்லிக்கே வருகிறேன். என்னைக் கேட்டால், இஞ்சிக் குடும்பத்துப் பானங்களில் தினப்படிக்கு ஏற்றது சுக்கு மல்லிக் காப்பிதான். பெயர்தான் காப்பி, காப்பிக்கொட்டை கிடையாது, எனவே ராத்திரி தூக்கமும் கெடாது. தனியா 100 கிராம், தோல் சுரண்டிய சுக்கு 50 கிராம், மிளகு ஒரு டேபிள்ஸ்பூன், ஏலக்காய் ஆறு. தனியாவையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை மட்டும் வறுங்கள், சிவக்கவிட்டால் கசக்கும். சுக்கை முதலில் உரலிலோ சுத்தியலாலோ தட்டிச் சிறு துண்டாக்கிக்கொள்ளுங்கள். முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். நான் ஒரு ஜார் இழந்து கற்ற பாடம் இது. எல்லாவற்றையும் சற்றுக் கொரகொரப்பாகப் பொடித்து, ஆறிய பின் ஈரமில்லாத பாட்டிலில் அடைத்தால் இரண்டு மாதம் மணம் போகாது.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, நாலு நிமிடம் கொதி, மூடி வைத்து இரண்டு நிமிடம், வடிகட்டல். அவ்வளவுதான். கருப்பட்டி சேர்ப்பதாக இருந்தால் தனியே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், நல்ல உடன்குடிக் கருப்பட்டியிலும் மண் இருக்கும். பால் வேண்டாம், பால் விட்டால் மல்லியின் மணம் அமுங்கிவிடும்.

உங்கள் கணவருக்கு வருகிறேன். கருப்பட்டி, வெல்லம், தேன் மூன்றும் சுகரை ஏற்றும். ‘நாட்டுச் சர்க்கரைதானே’ என்று ஏமாற வேண்டாம். அவர் டம்ளரில் இனிப்பே இல்லாமல் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். ரத்த மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை இஞ்சியும் ஓரளவு குறைக்கக்கூடும். ரசத்தில், டீயில் போடும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை சாப்பிடுபவர்கள் தினமும் சாறாகவோ கேப்சூலாகவோ இஞ்சி எடுப்பதை இதய மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிய நீலம் ஆகியவற்றைக் கண்டால் அன்றே சொல்லுங்கள். பல் பிடுங்குவது, அறுவைச் சிகிச்சை என்று எதற்குப் போனாலும் இஞ்சிப் பழக்கத்தையும் மருந்துப் பட்டியலோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பித்தப்பையில் கல் உள்ளவர்களும் இதைக் கேட்டுச் செய்வதே நல்லது.

இனி, திரிந்த டீ. பால் கெட்டுப்போகவில்லை, கடைக்காரரைத் திட்ட வேண்டாம். பச்சை இஞ்சியில் ஜிங்கிபைன் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டும் வேலை அதனுடையது. வெதுவெதுப்பான பாலில் இஞ்சியைப் போட்டு மெல்லச் சூடேற்றும்போது அது பால் புரதத்தை உடைத்து உறைய வைத்துவிடுகிறது. சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: கிண்ணத்தில் இஞ்சிச் சாறு, மேலே சர்க்கரை போட்ட சூடான பால், சில நிமிடத்தில் கரண்டியால் வெட்டும் பதத்தில் உறைந்த இனிப்பு. நமக்கு டீதான் வேண்டும் என்பதால் வழி எளிது. கொதி வந்தால் நொதி செத்துவிடும். இஞ்சியை நசுக்கித் தண்ணீரில் மூன்று நாலு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள், தூளைப் போடுங்கள், கடைசியில் ஏற்கெனவே காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். வெல்லம் போடுபவர்கள் அடுப்பை அணைத்த பிறகு போடவும், சில வெல்லம் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும்.

வெயில் காலத்தில் இதையெல்லாம் விட்டுவிட்டு நீர்மோருக்குப் போய்விடுங்கள். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. இஞ்சியின் காரம் மோரில் அடங்கிவிடுவதால் எரிச்சல்காரர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உங்கள் கணவருக்கும் சுகர் கவலை இல்லை. ராமநவமிப் பானகம் வருஷத்தில் ஒரு நாள் என்றால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒரு வாரச் சேமிப்பு கேட்டீர்கள். பிழிந்த சாறு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான், அதற்குள்ளேயே மணம் பாதி போய்விடும். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை 50 கிராம் இஞ்சியை அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, ஐஸ் டிரேயில் பத்துக் குழியில் சமமாக ஊற்றி உறைய வையுங்கள். ஒரு கட்டிக்கு 5 கிராம் இஞ்சி என்று கணக்கும் தானாக அமைந்துவிடும். உறைந்ததும் மூடி உள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஐஸ்கிரீமெல்லாம் இஞ்சி மணக்கும். கட்டியை நேராகப் பாலில் போடாதீர்கள். உறைய வைப்பதால் அந்த நொதி சாகாது. முதலில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும்.