மகளின் எடைக்குப் புட்டிப்பால்தான் காரணமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய 13 வயது மகளின் உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. பிறந்தபோது 2.3 கிலோதான் இருந்தாளாம். இரண்டாம் மாதத்தில் பால் மாவு, மூன்றாம் மாதத்தில் புட்டியிலேயே தானியக் கூழ், முதல் பிறந்தநாளில் 11 கிலோ. “புட்டிப்பால் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்” என்கிறார் மாமியார். தோட்டத்துக்கு வரும் நேரடி விற்பனை முகவரோ 380 ரிங்கிட்டுக்கு மெலிய வைக்கும் காப்பித்தூள் தருகிறாராம். தவறு தன்னுடையதா, அதை வாங்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, தாய்ப்பால் பல வகையில் சிறந்தது. ஆனால் உங்கள் மாமியார் சொல்லும் அளவுக்கு எடையின் முழுப் பழியையும் புட்டியின்மேல் சுமத்த முடியாது. பெலாரஸில் சுமார் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தாய்ப்பாலை ஊக்குவித்த மருத்துவமனைகளில் பிறந்த பிள்ளைகள் 11 வயதைத் தாண்டியபோது மற்றவர்களைவிட மெலிந்து இருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. சிறியதாகப் பிறந்து முதல் ஆண்டிலேயே மளமளவென்று எடை ஏறும் குழந்தைகளுக்குப் பதின்ம வயதில் மிகை எடை வரும் வாய்ப்பு கூடுதல். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு நான்கு மாதத்துக்கு முன்பே திட உணவு தொடங்குவதும் அதே பக்கம்தான் சாய்க்கிறது. புனேவைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, எடையும் தசையும் வெகுவாகக் குறைந்திருந்தும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே நம்மவர் வீட்டில் குழந்தை “நோஞ்சானாக” பிறந்தாலும் அதைக் கொழுக்க வைக்க அவசரப்பட வேண்டியதில்லை. இது உங்கள் குற்றமன்று. “நன்றாகத் தேற்றுங்கள்” என்று சொல்லாதவர் யார்? ஒரு வயதுக்குமேல் விற்கப்படும் “வளரும் குழந்தைக்கான” டின் பால் தேவையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. அதையும் கடன் வாங்கியாவது வாங்க வைக்கிறார்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். அதிகம் சாப்பிட்டுப் பருக்கும் பிள்ளை பொதுவாக வயதுக்கேற்ற உயரமோ அதற்கு மேலோ இருக்கும். எடை ஏறிக்கொண்டே இருக்க உயரம் நின்றுவிட்டால், அது தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறாகவோ ஸ்டீராய்டின் விளைவாகவோ இருக்கலாம். இளைப்புக்கும் மூட்டுவலிக்கும் விற்கப்படும் சில “மூலிகை” மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பது மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உருண்டு, உயரம் நின்ற பிள்ளையின் வீட்டில் அப்படி ஏதும் கொடுத்தார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். உங்கள் மகளின் உயரம் சரியாகவே இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

அந்தக் காப்பித்தூளை வாங்காதீர்கள். இத்தகைய தூள்களில் கலந்து பிடிபடும் சிபுட்ராமின், பசியை அடக்கக் கொடுக்கப்பட்டு, இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட மருந்து. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். காப்பி உணவுப் பொருள் என்பதால் அந்த எண் வேண்டியதில்லை. இந்தச் சந்து வழியாகத்தான் முகவர்கள் நுழைகிறார்கள். “சுகாதார அமைச்சின் அங்கீகாரம்” என்று அவர் காட்டுவது பெரும்பாலும் ‘மெஸ்தி’ (MeSTI) சான்றிதழாக இருக்கும்; அது தயாரிப்பிடத்தின் தூய்மைக்கு உரியது, தூள் மெலிய வைக்கும் என்பதற்கு உரியதன்று.

பள்ளியின் ‘செகாக்’ (SEGAK) என்னும் உடல்தகுதித் தேர்வில் உங்கள் மகளின் உயரமும் எடையும் ஆண்டுக்கு இருமுறை குறிக்கப்படுகின்றன. பிறந்தது முதல் எடையைக் குறித்துவரும் கிளினிக்கின் குழந்தைப் புத்தகத்தில் அவளுடைய முதல் ஆண்டு வளைகோடு அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒருவர் சேர்த்து வைத்துப் பார்த்து உங்களை அழைத்திருந்தால் 13 வயது வரை காத்திருக்க வேண்டியிருக்காது. எழுதி வைப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்தால் தராசு எதற்கு?

இப்போது செய்ய வேண்டியவை இவை. சீனி கலந்த பானங்களை நிறுத்துங்கள். கட்டிப்பால் ஊற்றிய தேநீரும், காப்பி, பால்மாவு, சீனி மூன்றும் கலந்த பொட்டலங்களும் அதில் அடங்கும். இரவில் கைப்பேசியை வாங்கி வைத்து எட்டு மணி நேரமாவது தூங்க விடுங்கள். பட்டினி போடாதீர்கள், வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே நல்ல முன்னேற்றம். குழந்தைப் புத்தகத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் கருமை படர்ந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு இனிப்பு நீர் இருந்ததா என்று எழுதவில்லை. இருந்திருந்தால் அதுவும் மகளின் எடைக்கு ஒரு காரணியாகலாம். அதே நாளில் உங்கள் இரத்தத்தையும் சோதிக்கக் கொடுங்கள்.