மண்ணெண்ணெய் வாசனையும் ஒரு வெள்ளை ஒயினும்

வணக்கம்.

இத்தாலியில் தூரினில் வேலை பார்க்கிறேன். இங்கே கடையில் ‘தெர்த்தோனா’ என்று எழுதிய வெள்ளை ஒயின் வாங்கினேன், 2022 அறுவடை. திராட்சையின் பெயர் திமொராஸ்ஸோ என்றார் கடைக்காரர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினோம். வெறும் புளிப்பு. மிச்சத்தை மறுநாள் குடித்தபோது தேன் வாசனை வந்தது, கூடவே லேசாக மண்ணெண்ணெய் வாசனையும். பாட்டில் கெட்டுவிட்டதா? கொடுத்த விலைக்குத் தகுமா?

கே.

அன்புள்ள கே.,

கெடவில்லை. முதல் நாள் குளிர் அதன் வாயைக் கட்டிவிட்டது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரியில் வாசனை எழாது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

மண்ணெண்ணெய் வாசனை இந்த ரகத்தின் குணம். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினிலும் இதே வாசனை உண்டு. திராட்சையின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து, பாட்டிலில் வருஷக்கணக்காகக் கிடக்கையில், புளிப்பின் துணையோடு டி.டி.என். என்ற சேர்மம் உருவாகிறது. குலையில் வெயில் அதிகம் பட்டால் இது கூடும். 2022 உங்கள் தூரினும் அடங்கிய பியெமொந்தே மாநிலத்தில் கடும் வெயிலும் வறட்சியுமான ஆண்டு. கெட்ட ஒயினின் அடையாளம் வேறு: ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் கார்க் கோளாறு, நிறம் பழுப்பேறி, நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் போல மணந்தால் காற்றுப் பட்டுவிட்டது.

விலைக்குக் காரணம் கொடி. திமொராஸ்ஸோ பூத்தாலும் ஒழுங்காகக் காய் பிடிக்காது. ஒரே குலையில் நன்றாகப் பழுத்த மணிகளுக்கு நடுவே மிளகளவில் பச்சையாகவே நின்றுவிட்ட மணிகள் இருக்கும். பழுத்தவையோ அறுவடைக்கு முன்பே உதிரும். ஃபைலாக்ஸெரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபின், தொர்த்தோனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விவசாயிகள், நம்பிப் பயிரிடக்கூடிய கொர்த்தேஸே ரகத்துக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே மொன்லேயாலே ஊரின் ஒயின் தயாரிப்பாளர் வால்தெர் மாஸ்ஸா 1987இல் திமொராஸ்ஸோவைத் தனி ஒயினாக வடித்திருக்காவிட்டால் இன்று இந்தக் கேள்விக்கே இடமில்லை. இப்போது பரோலோ என்ற பேர்பெற்ற சிவப்பு ஒயினின் தயாரிப்பாளர்களே அங்கே நிலம் வாங்குகிறார்கள். தெர்த்தோனா என்பது தொர்த்தோனாவின் பழைய பெயர். நிலவியலில் ‘தொர்த்தோனியன்’ என்று ஒரு காலகட்டமே இந்த ஊரின் பெயரால் இருக்கிறது. அந்தக் காலத்துக் கடலடிச் சுண்ணாம்புக் களிமண்ணும் இக்குன்றுகளில் உண்டு.

அடுத்த பாட்டிலை இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றுவதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். 12, 13 டிகிரி போதும். வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். அறுவடையாகி நான்கு வருஷத்துக்குள் திறப்பதானால் அரைமணி நேரம் ஜாடியில் ஊற்றி வையுங்கள். மறுநாள் உங்களுக்குத் தேன் மணந்தது காற்றாடியதால்தான்.

தொட்டுக்கொள்ள அதே குன்றுகளின் மொன்தேபோரே சீஸ் கிடைக்கிறதா பாருங்கள். பசும்பாலும் செம்மறியாட்டுப் பாலும் கலந்தது. பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று வட்டுகளை அடுக்கிய கோபுர வடிவம். அதன் கொழுப்பு இந்தப் புளிப்பைத் தாங்கும். எலுமிச்சை பிழிந்த மீன் மட்டும் வேண்டாம், புளிப்பின்மேல் புளிப்பாகிவிடும்.

தகுமா என்றால், தகும். ஆனால் ஒரே ஒரு பாட்டிலோடு நிறுத்தாதீர்கள். 2022இலேயே மூன்று வாங்கி, இருட்டில், 14 டிகிரியைத் தாண்டாத இடத்தில் படுக்கவைத்து, ஒன்றை இப்போதும் அடுத்ததை 2028இலும் கடைசியை 2030இலும் திறங்கள்.