பருமல் திரும்பினால் கயிறும் வரவேணும்

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அன்னபூரணிக் கப்பலின் மாதிரி செய்கிறேன். பருமலை (பாய்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குமரம்) திருப்பினால் கயிறுகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொன்றாகக் கையால் பொருத்திக் களைத்துவிட்டேன். வழி உண்டா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: தம்பி, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிய அந்த 89 அடிக் கப்பலை, அது கட்டப்பட்ட ஊரிலிருந்தே ஒருவர் திரும்பக் கட்டுகிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் அசையாதவை. அவற்றைக் கப்பலின் உடலோடு சேர்த்துவிடும். பருமலை இழுக்கும் கயிறுகளில்தான் வேலை. ஒவ்வொன்றையும் பெவல் (கோட்டுக்குத் தடிப்பு) கொடுத்த பெசியர் வளைகோடாக வரைந்து, ஒரு நுனியைப் பருமல் முனையிலுள்ள எம்ப்டியிலும் (படத்தில் தெரியாத துணைப்பொருள்) மறுநுனியைக் கப்பியிலுள்ள எம்ப்டியிலும் ஹூக்கால் கொழுவும். முதல் எம்ப்டியைப் பருமலோடு சேர்ந்து அசையும்படி அதற்குப் பேரன்ட் பண்ணும். பருமலின் ஒரிஜின் (அது சுழலும் மையம்) பாய்மரத்தைத் தொடும் இடத்தில் இருக்கவேணும். எலும்பும் (போன்), அதை இலக்குவரை நீட்டும் ஸ்ட்ரெச் டூவும் வைத்துச் செய்பவர்களும் உண்டு. அதில் வால்யூமை 'நன்' (None) என்று மாற்றாவிட்டால் நீளும்போது கயிறு மெலிந்துபோகும்.

இனித்தான் முக்கியமான விசயம். பருமல் திரும்பும்போது ஒரு பக்கக் கயிறு இறுகும், மறுபக்கம் தளரும். என் பெரியப்பா தண்டையலாக (கப்பல் தலைவராக) இருந்தவர். கப்பல் படம் எதைக் காட்டினாலும் கயிற்றைப் பார்த்தே காற்று எந்தப் பக்கமென்று சொல்வார். இரண்டு பக்கமும் கம்பிபோல விறைத்து நின்றால், இது ஓடுகிற கப்பல் இல்லை என்று படத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

ஆகவே வளைகோட்டின் நடுவில் இன்னொரு புள்ளி வையும். இரு நுனிகளுக்கும் நடுவே நிற்கும் எம்ப்டியில் இன்னோர் எம்ப்டியைத் தொங்கவிட்டு, அதில் அந்தப் புள்ளியைக் கொழுவும். அது எவ்வளவு தாழவேணும் என்பதை டிரைவர் (ஒரு மதிப்பைச் சூத்திரத்தால் இயக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும். கயிற்று நீளத்தில் நுனிகளின் இடைவெளியைக் கழித்து, வருவதை இடைவெளியால் பெருக்கி, 3 ஆல் பெருக்கி, 8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடும். 10 மீற்றர் இடைவெளிக்கு 10 சென்ரிமீற்றர் கயிறு கூடினாலே நடு 60 சென்ரிமீற்றருக்கு மேல் தாழும்! இடைவெளியை டிரைவரின் டிஸ்டன்ஸ் மாறி அளந்து தரும். கயிற்று நீளத்தைக் கஸ்டம் புரொப்பர்ட்டியாக (நீரே சேர்க்கும் மதிப்பாக) வைத்தால், கப்பலில் செய்வதைப்போலவே ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் இளக்கலாம். கழித்தது பூச்சியத்துக்குக் கீழே போகிறதா? இன்னும் இளக்கவேணும்.

துணிச் சிமுலேசன் உமக்குத் தேவையில்லை. முன் பாய்மரத்தின் கீழ்ப் பருமலில் முதலில் ஓட்டிப்பாரும். சரிவந்தபின் மற்றவற்றுக்குப் பிரதி எடுக்கலாம். தாங்குகயிறுகளில் பருமல் முட்டும் இடத்தோடு சுழற்சி நிற்கும்படி லிமிட் ரொட்டேசன் வையும்.